இடப்பக்கக் கோளாறு

குதிரை வைத்திருப்பவர்கள் உலகத்தில் இரண்டே கட்சிதான். பூட்ஸ் கட்சி ஒன்று, கயிற்றுக் கட்சி ஒன்று. பூட்ஸ் கட்சிக்காரர்கள் முழங்கால்வரை பளபளவென்று பூட்ஸ் போட்டு, தலைக்கவசம் மாட்டி, குதிரையின் வாயில் இரும்பைப் பூட்டி, போட்டிக்குப் போய் ரிப்பன் வாங்கிக்கொண்டு வருவார்கள். கயிற்றுக் கட்சிக்கு இரும்பே ஆகாது. முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, நீளமாக ஒரு கோல், அகலமாக ஒரு தொப்பி, இவ்வளவு போதும். மிச்சத்தைக் குதிரையின் மனசோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கொள்கை. ஒரு கட்சிக்காரர் மற்றக் கட்சிக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேசிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மாஸ்டருடைய குதிரைக்குக் கோளாறு இருக்கிறது.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கடைத்தெரு முனையில் ஓர் அறை, அதில் ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய படம், வாசலில் தலைமேல் பெயர்ப்பலகை சுமந்து நிற்கும் வெள்ளைக் கார். இதுதான் பள்ளிக்கூடம். அலுவலக வேலை முழுக்க மனைவி பார்த்துக்கொள்வாள். தெருவில் உருட்டுகிற வேலை மாஸ்டருடையது. கற்றுக்கொள்கிறவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார், மாஸ்டர் பக்கத்து இருக்கையில். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆயுளில் பாதியை அவர் அந்தப் பக்கத்து இருக்கையில்தான் கழித்திருக்கிறார். எத்தனையோ பேருடைய உயிரையும் எத்தனையோ வீடுகளின் சுற்றுச்சுவரையும் அவருடைய வலது கால் காப்பாற்றியிருக்கிறது.

அந்தக் கால் வேலை நேரம் முடிந்தாலும் ஓயாது. வீட்டுக் காரை மனைவி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர், தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே தரையை ஓங்கி மிதிப்பார். அங்கே பிரேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மிதித்து மிதித்துக் கால்விரிப்பில் அந்த இடம் மட்டும் ஓட்டையாகிவிட்டது. புதிதாகப் போட்டால் அதற்கும் இதே கதிதான் என்று மனைவி அதை மாற்றவே இல்லை.

குதிரை ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. பலித்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. அந்த வயதில் மற்றவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவார்கள், இவர் குதிரை வாங்கினார். கருஞ்சிவப்பு உடம்பு, நெற்றியில் விரல் வைத்து இழுத்தமாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் குளம்பை வைக்காது, சுற்றிக்கொண்டுதான் போகும். அந்த நடையைப் பார்த்துவிட்டுத்தான் சீமாட்டி என்று பெயர் வைத்தார். மாஸ்டர் வாயில் சீமாட்டி எப்போதும் ‘அவ’. மனைவி வாயில் எப்போதும் ‘அது’. ‘அது தின்னுச்சா? அதைக் குளிப்பாட்டியாச்சா? அதுக்குப் போர்வை வாங்கினீங்களே, எனக்கு என்ன வாங்கினீங்க?’ என்று கேள்விகள் வரும். கேலிதான், கோபமில்லை. ஆனால் லாயத்துக்குள் அவள் காலை வைத்தவளும் இல்லை.

வாங்கின புதிதில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. லாயத்தை நடத்துகிற கோச்சம்மாவிடம் மாஸ்டர் முறையாகப் பாடம் கேட்டார். அவர் பூட்ஸ் கட்சியில் பெரிய ஆள். அவருடைய சேண அறையில் சுவரே தெரியாது, அவ்வளவு ரிப்பன். மணல் களத்தில் வட்டமாக நடப்பது, மெதுவோட்டம், நிறுத்துவது, திரும்புவது எல்லாம் பழகியாயிற்று. பிறகு ஒருநாள் மாஸ்டர் துணையில்லாமல் லாயத்துக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் கிளம்பினார். எங்கிருந்தோ காற்றில் ஒரு பிளாஸ்டிக் தாள் படபடத்தது. சீமாட்டி காதை நிமிர்த்தினாள். மாஸ்டர் அவளைவிட மிரண்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. குதிரை இடப்பக்கமாக விலகி ஓடியது. அவர் பதற, இன்னும் வேகமாக ஓடியது. அவர் இன்னும் பதற, பறந்தது. கடைசியில் ஒரு புதருக்கு இந்தப் பக்கம் மாஸ்டரும் அந்தப் பக்கம் குதிரையுமாக முடிந்தது. தோள் எலும்பு முறிந்திருந்தது.

எலும்பு கூடிவிட்டது. குதிரைக்குத்தான் பெயர் கெட்டுப்போயிற்று.

கோச்சம்மா ஏறிப் பார்த்தார். அதே பாதையில் போய், போன மாதிரியே திரும்பி வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. “என்கிட்ட வாலாட்ட மாட்டேங்கிறா சார். உங்களை எடை போட்டுப் பாக்குறா. மரியாதை போதலை,” என்றார். கடிவாளத்தில் இன்னும் கெட்டியான இரும்பு போடவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. குதிரைக்குப் பல் பார்ப்பவர் வந்தார்; இடப்பக்கக் கடைவாய்ப் பல் கூர்மையாக இருக்கிறது என்று ராவிவிட்டுப் போனார். சேணம் தைப்பவர் வந்தார். இடப்பக்கம் அழுந்துகிறது என்று பஞ்சு வைத்தார். உடம்பு பிடித்துவிடுகிறவர் ஒருவர் வந்து, இடத் தோளில் ஏதோ ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து, அதை அவிழ்த்துவிட்டதாகவும் சொன்னார். இடப்பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், தேடுகிறவர் கையில் இடப்பக்கத்தில் ஏதாவது ஒன்று அகப்படாமலா போகும்?

கெட்டி இரும்பு என்றதும் மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. அப்படித்தான் அவர் கட்சி மாறினார். ஊர் ஊராகப் போய் முகாம் நடத்தும் தொப்பிக்காரர் ஒருவர் வந்தபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். தொப்பிக்காரர் சீமாட்டியின் முன்னால் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு, அவளுடைய இடது கண்ணுக்குள் ஒரு பழைய பயம் இருக்கிறது, நம்பிக்கை வரும்வரை ஏறாதீர்கள் என்றார்.

ஏறாதீர்கள். அந்த ஒரு வார்த்தை மாஸ்டர் வயிற்றில் பால் வார்த்தது. ஏன் அவ்வளவு நிம்மதி என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

தொப்பிக்காரர் வெறும் ஆள் என்று சொல்லிவிடவும் முடியாது. அவரிடம் ஒரு நல்ல சரக்கு இருந்தது. குதிரை அழுத்தத்தில் எதையும் கற்றுக்கொள்ளாது, விடும்போதுதான் கற்றுக்கொள்ளும் என்பார். கயிற்றை லேசாகப் பிடி. ஒரு மயிரிழை உன் பக்கம் சாய்ந்தாளா, உடனே விட்டுவிடு. அந்த விடுதலைதான் அவளுக்குப் பாடம், பரிசு, எல்லாம். மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். காரில் கற்றுக்கொள்ள வருகிறவர்களையும் பாதி நேரம் கத்தாமல் விட்டாலே தேறிவிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கயிற்று வேலையில் சீமாட்டி அப்படி ஒரு தேர்ச்சி பெற்றாள். மாஸ்டர் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள், விரலை அசைத்தால் பின்வாங்கினாள். கயிறே இல்லாமல் லாயம் முழுக்க அவர் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டே வருவாள். அவள் உதட்டை நக்கினால் புரிந்துகொண்டாள் என்று அர்த்தம், கொட்டாவி விட்டால் மனசு இளகிவிட்டது என்று அர்த்தம். மாஸ்டர் ஒரு கொட்டாவிக்காக மணிக்கணக்கில் காத்து நிற்பார். அந்தக் கட்சியில் அது சாதாரணம்.

ஏறுவது ஒன்றுதான் பாக்கி. ஒரு வாரம் தரை ஈரம். ஒரு வாரம் காற்று. ஒரு வாரம் சேணத்தில் வைத்த பஞ்சு சரியாகப் படியவில்லை. ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கு அவள் கண்ணில் ஏதோ ஒரு மாதிரி தெரிந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கடைசியில் கோச்சம்மா மாஸ்டரை உட்காரவைத்துப் பேசினார். திட்டவில்லை, அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. நல்ல வயதில் இருக்கிற குதிரை இப்படிச் சும்மா நிற்பது அதற்கே கெடுதல் என்றார். குழந்தை மருத்துவர் ஒருவர் தன் மகளுக்குக் குதிரை தேடுகிறார், நல்ல குடும்பம், நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்றார். ஆனால் இடப்பக்கம் ஓடுகிற கோளாறோடு ஒரு பெண்பிள்ளையை ஏற்ற முடியாது. முதலில் ஒரு மாதம் கெட்டி இரும்பு போட்டு நானே திருத்திக் கொடுக்கிறேன் என்றார். மாஸ்டர் மென்று விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். தலையாட்டிய அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் ஏறாமல் அவளை நிற்கவைப்பது அநியாயம் என்று ஒரு பக்கம் தோன்றும். மறுபக்கம், அந்த இரும்பு அவள் நாக்கின்மேல் அழுந்துவது கண்முன்னால் வரும்.

மருத்துவர் மகளோடு வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளும் வந்தது. வரப்போவது சாயங்காலம். காலையில் வழக்கம்போல் பாடம் இருந்தது. பேக்கரி அம்மாவுக்கு.

பேக்கரி அம்மா என்பவர் பள்ளியின் பக்கத்துக் கடைக்காரர். விடியுமுன் எழுந்து மலைபோல மாவு பிசைகிறவர். கையில் அவ்வளவு பலம். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் அந்தப் பலம் காணாமல் போய்விடும். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்களெல்லாம் உரிமம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் தேர்வு என்ற பேச்சை எடுத்தாலே பிடி கொடுக்கமாட்டார். இருக்கை தள்ளி இருக்கிறது என்பார். கண்ணாடி சரியாகத் தெரியவில்லை என்பார். மழை வரும்போல இருக்கிறது என்பார். மழை வராது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே இருக்கையை நகர்த்திக் கொடுப்பார். சாக்குச் சொல்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அத்துப்படி.

அன்று பெரிய சாலையில் ஏறும் வளைவுக்கு வந்தார்கள். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பேக்கரி அம்மா பதறி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க, வண்டி ஒரு துள்ளு துள்ளியது. மாஸ்டரின் வலது கால் அவரைக் கேட்காமலே பிரேக்கில் இறங்கியது. வண்டி ஓரமாக நின்றது. லாரி போய்விட்டது.

பேக்கரி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மிகவும் நிதானமாக, பல நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“மாஸ்டர், இந்த வண்டிக்கு என்மேல இன்னும் நம்பிக்கை வரலைன்னு நினைக்கிறேன்.”

மாஸ்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வண்டிக்காவது, நம்பிக்கையாவது! வாய்வரை வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது மனைவியிடம் அவர் சொல்லியிருந்தார், அவளுக்கு என்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, அதுதான் கொடுத்துவிடுகிறேன் என்று. அதே வார்த்தைகள். அதே நிதானமான குரல்கூட. ஈரத் தரை, காற்று, பஞ்சு, கண்ணில் ஏதோ ஒரு மாதிரி என்று தான் அடுக்கிய அத்தனையும் வரிசையாக வந்து, இருக்கைக்கும் கண்ணாடிக்கும் வராத மழைக்கும் பக்கத்தில் நின்றன. பேக்கரி அம்மாவுக்குப் பயம், வேறொன்றும் இல்லை. இது தெருவில் போகிற நாய்க்கும் தெரியும். அப்படியென்றால் தனக்கு?

பேக்கரி அம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல யோக்கியதை இல்லை என்று தோன்றியது. இன்றைக்குப் போதும் என்று அவரைக் கடையில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் முன்னால் துணி அவிழ்ந்துவிட்டமாதிரி வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், உடம்பு கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

சாயங்காலம் லாயத்துக்குக் கிளம்பும்போது மனைவியும் செருப்பை மாட்டினாள். இதுவரை லாயத்தை எட்டிக்கூடப் பார்க்காதவள் ஏன் வருகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு வருகிறேனே என்றாள். வண்டியையும் அவளே எடுத்தாள். பாதி தூரம் போனபிறகு மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“எனக்குப் பயம்மா. அவ்வளவுதான். தரையும் இல்ல, காத்தும் இல்ல. ஏறினா மறுபடி விழுந்துடுவேனோன்னு பயம்.”

“தெரியும்,” என்றாள் மனைவி.

“எப்போலேருந்து?”

“நீங்க குதிரை கொட்டாவி விடறதுக்குக் காத்திருக்க ஆரம்பிச்சீங்களே, அப்போலேருந்து.”

பிறகு அவளே கேட்டாள், பயம் உங்களுக்கு என்றால் அதை ஏன் விற்கிறீர்கள் என்று. மாஸ்டரிடம் இதற்குப் பதில் இருந்தது. தனக்குப் பயம் என்பது வாஸ்தவம். ஆனால் அன்றைக்குக் குதிரை ஓடியதும் வாஸ்தவம்தானே? காரணமில்லாமல் இடப்பக்கம் திரும்பி ஓடியது. பயந்தவனையும் கோளாறுள்ள குதிரையையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும்? முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. மாஸ்டர் விரிப்பின் ஓட்டையை மிதித்தார். மனைவி பெருமூச்சு விட்டாள்.

கோச்சம்மா சேண அறையில் இருந்தார். எண்ணெயும் தோலும் மணக்கும் அறை. மேஜைமேல் துணி விரித்து, அதன்மேல் அந்தக் கெட்டி இரும்பைத் துடைத்து எடுத்துவைத்திருந்தார். மாஸ்டர் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. மனைவியிடம் சொன்னதையே கோச்சம்மாவிடமும் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். கோச்சம்மா செய்யவில்லை. பயப்படாதவர்களை நான் குதிரையில் ஏற்றமாட்டேன், அவர்கள்தான் அடுத்தவர்களைக் கொல்வார்கள் என்றார். ஆனால் ஓடினது ஓடினதுதான் சார், அந்தப் பெண்ணுடைய அப்பாவிடம் நான் அதை மறைக்கமுடியாது என்றும் சொன்னார். நியாயம்தான். மாஸ்டர் கயிற்றை எடுத்துக்கொண்டு சீமாட்டியிடம் போனார்.

அவள் தடுப்புக்குமேல் கழுத்தை நீட்டி அவருடைய சட்டைப் பையை மூக்கால் துழாவினாள். காரட் அங்கேதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவளை எப்படிக் கொடுப்பது என்று நினைத்தபோது மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி எதையும் கவனிக்காதவள்போல வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேணம் போட்டு மணல் களத்துக்குக் கூட்டிவந்தார்கள். வருகிறவர்கள் சேணத்தோடு பார்க்கட்டும் என்று கோச்சம்மா சொல்லியிருந்தார். ஏறுவதற்கான மரப்படி ஓரமாகக் கிடந்தது. மனைவி அதைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு தடவை உக்காந்து எறங்கிடுங்க. எங்கயும் போகவேணாம். கயித்தை நான் பிடிச்சுக்கிறேன். ஏறாமலே கொடுத்துட்டா உங்களுக்கு ஆயுசுக்கும் உறுத்தும், அதை வீட்டுல உக்காந்து நான்தான் கேக்கணும்.”

மாஸ்டர் கோச்சம்மாவைப் பார்த்தார். அவர் தலைக்கவசத்தை எடுத்து நீட்டினார். தட்டிக்கழிக்க மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றுகூட இல்லை. தரை காய்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் படியில் ஏறி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

மேலேயிருந்து பார்த்தால் தரை எங்கேயோ கிடந்தது. கால்வளையத்துக்குள் கால்களை நுழைத்தார். உடனே சீமாட்டி நகர்ந்தாள். இடப்பக்கமாக. ஓர் எட்டு, இன்னோர் எட்டு. மாஸ்டர் பிடரிமயிரை இறுக்கிப் பிடித்தார். அவள் இன்னும் கொஞ்சம் வேகமாக நகர்ந்தாள். மனைவி கயிற்றோடு கூடவே ஓடிவந்தாள்.

“பாத்தீங்களா? இதான் அந்த இடப்பக்கம்,” என்றார் கோச்சம்மா, வேலியோரத்திலிருந்து.

மனைவி குதிரையைப் பார்க்கவில்லை. குதிரையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, இடப்பக்கமும் தெரியாது, இடது கண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது புருஷன் ஒருவர்தான். அவள் கண் நேரே அவருடைய காலுக்குப் போயிற்று.

“ஏங்க, எதுக்கு இப்போ பிரேக்கை மிதிக்கிறீங்க?”

“என்ன?”

“வலது கால். கார்ல எம்பக்கத்துல உக்காந்து மிதிப்பீங்களே, அதே மாதிரி மிதிச்சிட்டிருக்கீங்க.”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். வலது கால் விறைத்துக்கொண்டு கால்வளையத்தை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. மிதிக்கிற வேகத்தில் குதிகால் உள்ளே திரும்பி, சீமாட்டியின் வலது விலாவில் நன்றாகக் குத்திக்கொண்டிருந்தது. தன்னுடைய கால்தான், ஆனால் யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது. வலது விலாவில் அழுத்தினால் குதிரை என்ன செய்யவேண்டும்? இடப்பக்கம் விலகவேண்டும். முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இன்னும் அழுத்தினால்? இன்னும் வேகமாகப் போகவேண்டும்.

கோச்சம்மா வேலியை விட்டு நேராக நிமிர்ந்தார்.

“காலை எடுங்க சார்,” என்றார் மெதுவாக.

மாஸ்டர் காலைத் தளர்த்தினார். பாதத்தைக் கால்வளையத்திலிருந்து உருவி, சும்மா தொங்கவிட்டார். சீமாட்டி நின்றாள். சட்டென்று, ஆணி அடித்தமாதிரி. ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

வேண்டுமென்றே ஒருதடவை வலது குதிகாலால் தொட்டார். இடப்பக்கம் ஓர் எட்டு வைத்தாள். எடுத்தார். நின்றாள். மறுபடி தொட்டார், மறுபடி எடுத்தார். நாள் முழுக்கச் செய்தாலும் அவள் செய்வாள்போல இருந்தது.

மாஸ்டர் கண்முன்னால் அந்தப் பாதை வந்தது, படபடத்த பிளாஸ்டிக் தாள் வந்தது. அவள் வெறுமனே காதை நிமிர்த்தினாள். தான்தான் இல்லாத பிரேக்கை மிதித்தது. அதை ‘போ’ என்று எடுத்துக்கொண்டு அவள் போனாள். தான் இன்னும் ஓங்கி மிதித்தது. இன்னும் வேகமாகப் போ என்கிறார் என்று அவள் பறந்தாள். மரியாதையும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. பாவம், சொன்ன பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் அவளுடைய பல்லை ராவி, தோளைப் பிசைந்து, இடது கண்ணுக்குள் பயத்தைத் தேடியிருக்கிறார்கள்.

கோச்சம்மா உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். விழுந்த நாளுக்கு அப்புறம் உங்களை மேல ஏத்திப் பாக்காமலே குதிரையைத் திருத்தப் பாத்தேனே, என்னைச் சொல்லணும் என்றார். தொப்பிக்காரரும்தான் குதிரையையே பார்த்தார். ஒரு கட்சி வாயைப் பார்த்தது, ஒரு கட்சி கண்ணைப் பார்த்தது. மாஸ்டருக்கு இரண்டு பேர்மேலும் கோபமே வரவில்லை. விடும்போதுதான் கற்றுக்கொள்ளும் என்று தொப்பிக்காரர் சொன்னது எவ்வளவு சரி! காலை விட்டதும் குதிரை நின்றுவிட்டது. கற்றுக்கொள்ளவேண்டிய ஆசாமி மேலே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை வரவில்லை. குனிந்து சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோ என்று பிடரிமயிருக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். நெஞ்சிலிருந்து ஏதோ மூட்டையை யாரோ இறக்கிவைத்துவிட்டார்கள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் அவள் நல்லவள். இரண்டு வருஷமும் நல்லவளாகவே இருந்திருக்கிறாள். இது போதும், இதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சீமாட்டி வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. மருத்துவரும் மகளும் இறங்கினார்கள். கோச்சம்மா அவர்கள் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, என்ன சொல்லட்டும் என்று மாஸ்டரைக் கேட்டார்.

“கோளாறு குதிரைக்கு இல்ல, எனக்குத்தான்னு சொல்லிடுங்க மேடம். கோளாறையும் நானே வெச்சுக்கிறேன், குதிரையையும் நானே வெச்சுக்கிறேன்.”

மருத்துவர் கேட்டுவிட்டுச் சிரித்தார் என்று கோச்சம்மா பிறகு சொன்னார். அவர்களுக்கு லாயத்திலேயே வேறு ஒரு சாம்பல் நிறக் குதிரையைக் காட்டினார், அந்தப் பெண்ணுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. சேண அறைக்குத் திரும்பியதும், துணிமேல் எடுத்துவைத்திருந்த இரும்பை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

களத்தில் மனைவி இன்னும் கயிற்றை விடவில்லை. அவரை உட்காரவைத்தபடியே ஒரு சுற்று கூட்டிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் இரண்டு கால்களையும் தொங்கப்போட்டுக்கொண்டு, பொருட்காட்சியில் சவாரி போகிற குழந்தைமாதிரி உட்கார்ந்திருந்தார். பார்க்க அசட்டுத்தனமாகத்தான் இருந்திருக்கும். அவர் கவலைப்படவில்லை.

“கயித்தை விடட்டுமா?” என்று கேட்டாள் மனைவி.

“விடாத.”

“சரி. விடலை.”

இன்னும் ஒரு சுற்று போனார்கள். போகப் போக மனைவியின் நடைக்கும் சீமாட்டியின் நடைக்கும் ஒத்துப்போய்விட்டது. வழியில் தண்ணீர்த் தொட்டியோரம் கொஞ்சம் ஈரம் இருந்தது. சீமாட்டி அதைச் சுற்றிக்கொண்டு போனாள். மனைவியும் சுற்றிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். அடுத்த வாரம் எனக்கு ஆபீஸில் வேலை குறைவு, அவளைப் பார்க்க நானும் வருகிறேன் என்றாள். ‘அவ’ என்றுதான் சொன்னாள். மாஸ்டர் அதைக் காதில் வாங்கியும் வாங்காததுபோல இருந்தார். சுட்டிக்காட்டினால் அடுத்த தடவை வேண்டுமென்றே ‘அது’ என்பாள். நாளைக்குப் பேக்கரி அம்மாவிடம் என்ன பேசவேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தார். அதிகம் ஒன்றும் இல்லை. பயமா இருக்கா என்று கேட்கவேண்டும், எனக்கும்தான் என்று சொல்லவேண்டும். இருக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடைத்தெரு நெருங்கியது. தூரத்தில் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. மாஸ்டரின் வலது கால் விரிப்பின் ஓட்டையைத் தேடிக் கிளம்பியது. அவர் அதைக் கையால் பிடித்துத் தூக்கி, இடது முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். மஞ்சள் சிவப்பாயிற்று. அவர் மிதிக்காமலே கார் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது.